சலாபக் கோப்பையும் புதுமாப்பிள்ளையும்

மூஸாவுக்குச் சலாபக் கோப்பையின் மேல் இருந்த ஆசையைப் பற்றி அவன் மனைவி இல்மா சொல்லும் கதை ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் தூக்கத்தில் ஏதோ முனகியிருக்கிறான். தன் பெயரைத்தான் சொல்கிறான் போல என்று அவள் ஆசையாகக் காதைக் கொடுத்துக் கேட்டால், "லெப்பைத்தம்பி, பாஸ் குடுலே" என்று வந்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை.

அந்தக் காலத்தில், முத்துக்குளிப்புக்காகக் கடற்கரையில் கூடும் சலாபச் சந்தைக்கு வந்த வியாபாரிகள் சேர்ந்து வாங்கிவைத்த வெள்ளிக் கோப்பை அது. முத்துக்குளிப்பு நின்றுபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது. கோப்பை நிற்கவில்லை. வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது, காயல்பட்டினத்தில் ஆட்டம் நடக்கும். தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று கரையோரத்து ஊர்கள் அத்தனையும் வரும். காயல்பட்டினம் மட்டும் ஒரே ஊராக ஆடாது, தெருத் தெருவாகப் பிரிந்து ஆடும். ஊருக்குள் அவ்வளவு ஒற்றுமை. நாக்-அவுட் முறை. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டையைக் கட்டிவிட வேண்டியதுதான், அழுதாலும் அடுத்த வருஷம்தான்.

மூஸா கப்பல்காரத் தெரு அணியின் கேப்டன். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் வேலை. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. முழங்காலில் பட்டை போடாமல் மாடிப்படி ஏற முடியாது, ஆனால் பந்தைக் கண்டால் முழங்காலை மறந்துவிடுவான். மூன்று தடவை இறுதி ஆட்டம் ஆடி மூன்று தடவையும் தோற்றவன். இந்த வருஷம்தான் கடைசி என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். போன வருஷமும் அதையேதான் சொன்னான் என்பது வேறு விஷயம். இந்தத் தடவை டாக்டரும் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் அவனுக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம் தம்பி அஃப்ஸல். அபுதாபியில் லிப்ட் டெக்னீசியன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. வாப்பா மௌத்தானபோது அஃப்ஸல் கைக்குழந்தை. தூக்கி வளர்த்தது மூஸாதான். வளர்த்தது பாசத்தினால் மட்டுமல்ல, கடற்கரையில் பந்தை உதைக்க ஒருவன் இருந்தால் பிடிக்க ஒருவன் வேண்டுமே. அப்படிப் பிடித்துப் பிடித்துத்தான் அஃப்ஸல் கோல்கீப்பர் ஆனான்.

நல்ல கோல்கீப்பராக இருந்தவனை மகா கெட்டிக்காரனாக ஆக்கியவர்கள் ஐரிஷ்காரர்கள். அவன் வேலை பார்க்கும் சைட்டில் டெக்லன் என்று ஒரு சேஃப்டி ஆபீசர். அவருடைய நாட்டில் கேலிக் கால்பந்து என்று ஓர் ஆட்டம் இருக்கிறதாம். காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். வானத்திலிருந்து இறங்கும் பந்தை, நான்கு பேர் மேலே விழுந்து நெருக்கும்போது எகிறி இரண்டு கையாலும் கவ்வுகிறவனை அங்கே தலையில் வைத்துக் கொண்டாடுவார்களாம். அபுதாபியிலும் அந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து அணி வைத்திருந்தார்கள். ஆள் குறைந்த ஒருநாள் அஃப்ஸலின் உயரத்தைப் பார்த்துவிட்டு டெக்லன் இழுத்துக்கொண்டு போனார். அன்று போனவன் பிறகு லீவு நாளெல்லாம் போனான்.

"அவங்க ஊருல ஒரு நியதி இருக்கு காக்கா," என்று வந்த அன்றே அண்ணனிடம் சொன்னான் அஃப்ஸல். "எந்தப் பங்குல, அதாவது எந்தச் சர்ச்சு வட்டாரத்துல பொறந்தியோ, அந்தப் பங்குக்குத்தான் ஆடணும். வேல கெடச்சு எங்க போயிக் கெடந்தாலும் ஆட்டத்துக்கு ஊருக்கு வந்துருவானுவ. காசும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நம்மள மாதிரிதான், தோத்தா அந்த வருஷம் அவ்வளவுதான்."

"நல்ல ஊரு," என்றான் மூஸா. அப்போது அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

அஃப்ஸலை வைத்துக்கொண்டு கப்பல்காரத் தெரு தூத்துக்குடியைத் தட்டியது, வீரபாண்டியன்பட்டினத்தைத் தட்டியது. அரை இறுதியில் புன்னைக்காயல். அவர்களுடைய ஜெனிஸ் கார்னரிலிருந்து பந்தை வளைத்து வளைத்து அனுப்பினான். மற்ற கீப்பர்கள் குத்தித் தள்ளுகிற பந்துகளை அஃப்ஸல் மரத்தில் மாங்காய் பறிப்பது போலப் பறித்துக்கொண்டிருந்தான். "ஏலே, கையில என்னத்தலே தடவியிருக்கான்?" என்று புன்னைக்காயல் பக்கத்திலிருந்து கத்தினார்கள். மூஸா ஒரு கோல் போட்டான். அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

இதற்கு நடுவில் அஃப்ஸலுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. பெண் சங்குக்காரத் தெரு ஹுதைஃபாவின் மகள் ருமைஸா. காயல்பட்டினத்தில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் போவான். மற்ற ஊர்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். இங்கே அத்தனை பேரும் அப்படித்தான், யாரைப் பார்த்து யார் சிரிப்பது? கோப்பைக்கும் அதனால் ஒரு பழைய சட்டம் இருந்தது. நிக்காஹ் முடிந்தவன் எந்த வீட்டில் சோறு தின்கிறானோ அந்தத் தெருவுக்குத்தான் ஆட வேண்டும், நடு சீசனாக இருந்தாலும் சரி. மூஸா பெண்ணெடுத்தது சொந்தத் தெருவிலேயே, அதனால் அவனுக்கு அந்தச் சட்டம் வலித்ததே இல்லை.

வாப்பா இல்லாத வீடு, நாள் குறித்ததும் மூஸாதான். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், அடுத்து வரும் வெள்ளிக்கிழமை நிக்காஹ். கோப்பையோடு மாப்பிள்ளை ஊர்வலம் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். கணக்கில் அவன் விட்டது இரண்டு. ஒன்று, சங்குக்காரத் தெரு. கால் இறுதியைக் கண்ணால் பார்த்தே பல காலமான அந்த அணி, எந்தப் புண்ணியவான் துஆ செய்தானோ, இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது. மற்றொன்று மழை. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் கோடை மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. மைதானம் பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் வடிய ஒரு வாரமாகும். கமிட்டி கூடி ஆட்டத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளி வைத்தது.

ஆட்டத்துக்கு முன்னால் நிக்காஹ் வந்துவிட்டது. கப்பல்காரத் தெருவின் கோல்கீப்பர், கப்பல்காரத் தெருவுக்கு எதிராக நிற்கப் போகிறான்.

தெரு கொதித்தது. அணியில் ஆடும் லெப்பைத்தம்பி, மூஸா இருந்த உம்மா வீட்டு வாசலில் வந்து நின்றான். "காக்கா, நிக்காஹத் தள்ளி வைங்க. மூணே நாளு. ஆட்டம் முடியட்டும்." சொல்வது சுலபம். அஃப்ஸலுக்கு லீவு முடிந்து, ஆட்டத்துக்கு மறுநாள் திங்கள் காலையிலேயே விமானம். இப்போது தள்ளினால் அடுத்த லீவுக்குத்தான். ஆனாலும் மூஸா செருப்பை மாட்டினான். ஆசை அவனை அந்த அளவுக்குப் பிடித்திருந்தது, மறைத்து என்ன ஆகப் போகிறது.

உம்மா நூர்ஜஹான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்க போற?"

"சம்பந்தி வீட்டுக்கு. நாளு விசயமா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "பொட்டப்புள்ள ஒண்ணு எனக்குப் பொறந்திருந்தா இந்த வீட்டுக்கு ஒரு மாப்பிள்ள வந்திருப்பான். ரெண்டும் ஆம்பள. நீ தெருக்கோடியில இல்மா வீட்டுக்குப் போயிட்ட, இவனும் போகப் போறான். அந்த வீட்டுல நல்லபடியா போயி இருக்கட்டும்னு நான் மனசத் தேத்திக்கிட்டு நிக்கேன். நீ பந்துக்காகப் போயி நாளு கேக்குற," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மூஸாவுக்குச் சுளுவாக இருந்திருக்கும்.

ஹுதைஃபாவின் வீட்டில் கொத்தனார் வேலை நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கென்று மாடியில் அறை. பழைய வீடு, நிலைகள் எல்லாம் தாழ்வு. அஃப்ஸல் குனிந்து குனிந்து போக வேண்டாம் என்று அந்த ஒரு வாசலின் நிலையைப் பெயர்த்து உயர்த்திக்கொண்டிருந்தார்கள். ஹுதைஃபா தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு இறங்கி வந்தார்.

"வாங்க மூஸா, உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் பேசுவோம். ஒங்க தம்பி உசரம் சரியா எவ்வளவு? ருமைஸா ஒரு அளவு சொல்லுதா, கொத்தன் ஒரு அளவு சொல்லுதான்."

மூஸா தன் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்த்திக் காட்டினான். டீ வந்தது, குடித்தான். நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

ஹுதைஃபாவே பேச்சை எடுத்தார். "ஆட்டத்தப் பத்தி மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க. மாப்பிள்ள ஆடலன்னாலும் சரி. எங்க தெருப் பயலுவ ஏதாவது சொல்லுவானுவ, நான் பாத்துக்கிடுதேன்."

அந்த நல்ல வார்த்தையில்தான் மூஸாவுக்குச் சுருக்கென்றது. சங்குக்காரத் தெருவில் ஏற்கெனவே பேச்சு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தம்பி ஆடாமல் இருந்தால் அண்ணன் தடுத்தான் என்பார்கள், ஆடி ஒரு கோல் விட்டால் அண்ணனுக்காக விட்டான் என்பார்கள். வாழப் போகிற வீட்டில், வாழப் போகிற தெருவில், முதல் வாரமே இந்தப் பெயர் விழுந்தால் சாகும்வரை கூடவே வரும்.

நிக்காஹ் வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. ஊர்வலத்துக்குக் கிளம்பும் முன் அஃப்ஸல் அண்ணனைத் தனியாக இழுத்தான். மாலையும் மல்லிகை வாசமுமாக நின்றான், முகத்தில் மட்டும் கல்யாணக் களை இல்லை.

"நான் ஆடல காக்கா. சும்மா உக்காந்திருக்கேன்."

"உக்காந்திருந்தா ரெண்டு தெருவுக்கும் ஆகாதவனாயிருவ. ஆடு," என்றான் மூஸா. "ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. எம் பந்த மட்டும் விட்டே, பொறகு ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"நீயும் விட்டுக்குடுக்கக் கூடாது."

"நானா?" மூஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போலே, போயி குதிரைல ஏறு."

ஞாயிறு சாயங்காலம் மைதானத்தில் எள் விழ இடமில்லை. சுற்றியிருந்த மொட்டை மாடிகளில் பெண்கள். நாசரேத்திலிருந்து வந்திருந்த வளன் சார்தான் ரெஃபரி, யாருக்கும் வேண்டியவர் இல்லை என்பதால் எல்லாருக்கும் வேண்டியவர். அஃப்ஸல் சங்குக்காரத் தெருவின் பச்சைச் சட்டையில் இறங்கினான். கப்பல்காரத் தெருப் பக்கம் ஒரு கூச்சலும் இல்லை. அந்த மௌனம் அவனைக் குத்தியிருக்கும், மூஸாவையும் குத்தியது.

முதல் பாதியிலேயே சங்குக்காரத் தெரு ஒரு கோல் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க அஃப்ஸலின் முன்னால்தான் நடந்தது. லெப்பைத்தம்பி அடித்ததைப் பிடித்தான், பொடிப் பயல்கள் அடித்ததைப் பிடித்தான், மூஸா தலையால் முட்டியதைப் பாய்ந்து தடுத்தான். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கோலுக்கு முன்னால் லெப்பைத்தம்பியைக் காலைத் தட்டி விழுத்தாட்டினார்கள். வளன் சார் விசிலை ஊதிக் கையை நீட்டினார். பெனால்டி.

கப்பல்காரத் தெருவுக்குப் பெனால்டி அடிப்பவன் மூஸா. எப்போதும் ஒரே இடம்தான், கீப்பருக்கு இடது பக்கம், தரையோடு. அதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் எதிரே நிற்கிறான். மூஸா பந்தை எடுத்தான். அடித்துக் கோலானால் தம்பி விட்டான் என்பார்கள். அடித்துத் தவறினால் அண்ணன் விட்டான் என்பார்கள். அவன் பந்தை லெப்பைத்தம்பியிடம் கொடுத்தான்.

"காக்கா!" கோலிலிருந்து அஃப்ஸல் கத்தினான். மைதானம் அடங்கிப்போனது. "நீ அடி! வேற ஆளு அடிச்சா நாம பேசி வச்சுக்கிட்டோம்பானுவ. நீதான் அடிக்கணும்!"

அவன் சொல்வது சரி. மூஸா பந்தை வாங்கிப் புள்ளியில் வைத்தான். வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும்போதுதான் அவனுக்குள் அந்தப் பழைய ஆசை எழுந்து வந்தது. கோலைப் பார்த்தான். தம்பி மறந்துபோனான், கல்யாணம் மறந்துபோனது. இடது பக்கம் போகிற மாதிரி உடம்பைக் காட்டி, வலது மேல் மூலைக்கு அடிக்க வேண்டும். வாழ்க்கையில் அப்படி அவன் அடித்ததில்லை, அஃப்ஸலுக்குத் தெரியவே தெரியாது. பிஸ்மி சொல்லி ஓடிவந்து, முழங்கால் கழன்றாலும் கழலட்டும் என்று அடித்தான்.

அஃப்ஸல் இடது பக்கம் சாய்ந்தான். ஏமாந்துவிட்டான் என்று மூஸா கத்த வாயைத் திறந்தபோது, சாய்ந்த காலையே ஊன்றி அவன் எதிர்ப்பக்கம் எகிறினான். கம்பத்துக்கும் மேல் கம்பிக்கும் நடுவில், விரல் மட்டும் போகிற இடத்தில், இரண்டு கையையும் கொண்டுபோய்ப் பந்தைக் கவ்வினான். தட்டவில்லை, குத்தவில்லை. கவ்வி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

மூஸா புல்லில் உட்கார்ந்துவிட்டான். நாலாவது தடவை. இனி தடவை இல்லை.

அஃப்ஸலைத் தோளில் தூக்கிக்கொண்டு பச்சைச் சட்டைகள் ஓடின. கப்பல்காரத் தெருவிலிருந்து முதலில் வசவுதான் வந்தது. பிறகு லெப்பைத்தம்பி ஏதோ சொன்னான், அது வாய்க்கு வாய் மாறிக்கொண்டே போனது. பந்தை அவ்வளவு சுலபமாக யாராவது பிடிக்க முடியுமா, கையில் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி அல்லவா இருந்தது? எப்போதும் அடிக்கிற பக்கத்தை மூஸா ஏன் மாற்ற வேண்டும்? உயரத்தில் வருவதைத் தம்பி பிடிப்பான் என்று தெரிந்துதானே மேலே அடித்தான்? புதுமாப்பிள்ளை தலைகுனியக் கூடாது என்று கோப்பையையே விட்டுக் கொடுத்துவிட்டான். நாம்தான் விளங்காமல் திட்டிவிட்டோம்.

மூஸா எழுந்து நிற்பதற்குள் ஒரு கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. திட்டியவர்களே கட்டிப்பிடித்தார்கள். "ஒங்க வாப்பா இருந்து பாத்திருக்கணும்," என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெப்பைத்தம்பி அவன் கையை எடுத்து முத்தமிட்டான். ஹுதைஃபாவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எம் மவளுக்காக நீங்க செஞ்சத நான் மறக்கமாட்டேன்," என்றார்.

உண்மையைச் சொன்னால், மூஸாவுக்கு அது இனித்தது. நாலு தடவை தோற்றவன் என்ற பெயர் போய், பெரிய மனசுக்காரன் என்ற பெயர் வந்து மடியில் விழுகிறது. அவன் ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டான், அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் அஃப்ஸல் தனியாக நின்றான். தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இறக்கிவிட்டிருந்தார்கள். பச்சைச் சட்டைகளின் கொண்டாட்டம் எங்கோ ஓரிடத்தில் சுதி இறங்கியிருந்தது. மேசையிலிருந்த கோப்பையை ஆளாளுக்குத் தொட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவன் பக்கத்தில் போகவில்லை. அண்ணனைக் கண்டதும் வந்தான்.

"எல்லாரும் சொல்லுதானுவ காக்கா."

"என்ன சொல்லுதானுவ?"

"நீ எனக்காக அடிச்சேன்னு." அவன் உதடு கோணியது. "மாமாவும் சொல்லுதாரு. ருமைஸாவும் போன்ல ஒங் காக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு கேக்கா. பக்கத்த மாத்துனியே, எதுக்கு காக்கா மாத்துன? எனக்காகவா?"

மூஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு மடியில் விழுந்தது எல்லாம் தம்பியிடமிருந்து பிடுங்கியது. வாழ்க்கையிலேயே பெரிய பிடி பிடித்தவன், அண்ணன் போட்ட பிச்சையைப் பிடித்தவனாக நிற்கிறான். நாளைக் காலையில் விமானம் ஏறி, அபுதாபியில் டெக்லன் கேட்டால்கூட நெஞ்சைத் தொட்டு அந்தப் பந்தைப் பற்றிச் சொல்ல முடியாது அவனுக்கு.

மூஸா வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தோற்ற கேப்டன் முதலில் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். அவன் மேடையில் ஏறியதும் இரண்டு தெருவும் எழுந்து நின்று கை தட்டியது. ஜெயித்தவனுக்குக்கூட அந்தக் கை தட்டல் கிடைத்திருக்காது. அவன் மைக்கைப் பிடித்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். கிரவுண்டு பூரா ஒரு பேச்சு ஓடுது. நான் தம்பிக்காகப் பந்த விட்டுக்குடுத்தேன்னு. அது பொய்."

தட்டிய கைகள் நின்றன.

"இந்தக் கோப்பைக்கு நான் அலைஞ்ச அலைச்சல் ஒங்களுக்கெல்லாம் தெரியும். அத விட்டுக்குடுக்குற அளவுக்கு நான் நல்லவன் இல்ல. கோல் போடத்தான் அடிச்சேன். இவன ஏமாத்தத்தான் பக்கத்த மாத்துனேன். இவன் ஏமாந்துட்டான்னு நெனச்சு எனக்குச் சந்தோசங்கூட வந்துட்டு. உசுரக் குடுத்து அடிச்ச பந்து அது. இவன் பிடிச்சிட்டான். வேற எவனாலயும் பிடிச்சிருக்க முடியாது. நான் தோத்துட்டேன். அவ்வளவுதான்."

கூட்டத்தில் லெப்பைத்தம்பி தலையில் கை வைத்துக்கொண்டது மூஸாவுக்குத் தெரிந்தது. கட்டிப்பிடித்த பெரியவர் வேறு பக்கம் பார்த்தார். இனி தெருவில் அவன் பழையபடி நாலு தடவை தோற்ற மூஸாதான், தேநீர்க் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவன் இறங்கி வரும்போது அஃப்ஸல் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றான்.

"நெசமாவா காக்கா?"

"நெசமாதாம்லே. முட்டி போயிட்டு பாரு, நடக்க முடியல."

அஃப்ஸல் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தான். அண்ணனை இறுக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, இரண்டு படியாகத் தாவி மேடையேறிப் போய்க் கோப்பையைத் தூக்கினான். சங்குக்காரத் தெரு அப்போதுதான் உண்மையாகக் கத்தியது. மூஸாவுக்கு நெஞ்சு எரிந்தது. அது தன் கையில் இருந்திருக்க வேண்டிய கோப்பை என்ற நினைப்பு அப்போதும் அவனை விடவில்லை. அவன் அழுதுகொண்டே, கை வலிக்கும்வரை தட்டினான்.